பஹாய்: வேரும் பொருளும் நேர்த்தமிழும்

பஹாய் (பெயர்ச்சொல்): பஹாவுல்லாவின் வழி நடப்பவர், அவர் நிறுவிய சமயம். வேர் ‘பஹா’ என்ற அரபுச் சொல். ஒளி, எழில், மாட்சி மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. இறுதியில் நிற்பது சார்பைக் காட்டும் விகுதி. சிவனைச் சார்ந்தவர் சைவர் ஆவதுபோல் பஹாவைச் சார்ந்தவர் பஹாய்.

எங்கள் அம்மம்மா பஹாய். அவருடைய நினைவு மலரை அச்சிடக் கொடுத்தபோதுதான் இந்தச் சொல்லைத் துருவ வேண்டி வந்தது. திருகோணமலையில் இதற்கெல்லாம் ஆயத்த வாசகம் உண்டு. சைவர் என்றால் ‘சிவபதம் அடைந்தார்’, கிறிஸ்தவர் என்றால் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’. பஹாய்க்கு என்ன போடுவது என்று அச்சகத்தார் எங்களைக் கேட்டார். நாங்கள் அவரைக் கேட்டோம்.

பஹாவுல்லா 1817இல் தெஹ்ரானில் பிறந்தவர்; இயற்பெயர் மிர்சா ஹுசைன் அலி. நாடுகடத்தப்பட்டு, பாக்தாத் தொடங்கிப் பல ஊர் அலைந்து, ஆக்கா என்ற சிறை நகரத்தில் கொண்டுவந்து அடைக்கப்பட்டார். 1892இல் அந்நகருக்கு அருகே மறைந்தார். ‘பஹாவுல்லா’ என்பது பட்டப்பெயர். இறைவனின் பஹா என்று பொருள்.

அதே வேரின் உச்சநிலை வடிவம் ‘அப்ஹா’. பஹாய்கள் ஒருவரை ஒருவர் வாழ்த்தும் ‘அல்லாஹு அப்ஹா’ என்ற தொடரில் வருவது அதுதான். இறைவன் மாட்சியில் மிக்கவன் என்று பொருள். நாள்தோறும் 95 முறை சொல்ல வேண்டும். அம்மம்மா விறாந்தையில் இருந்து வாய்க்குள் சொல்வதைக் கேட்டு, அவர் முஸ்லிமாகிவிட்டார் என்று தெருவில் ஒரு கதை உலவியது. அவர் மறுக்கவில்லை. முகம்மது நபியையும் ஏற்கிறேன், கிருஷ்ணரையும் புத்தரையும் இயேசுவையும் ஏற்கிறேன், எல்லோரும் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் என்றார். இந்த நால்வரைக் கும்பிடுகிறவர்களும் பின்பற்றுகிறவர்களும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊர் இது. ஆனாலும் அந்தப் பதில் அன்றைக்குப் பலருக்குப் பிடிக்கவில்லை.

பஹாய் நாட்காட்டியில் 19 நாள் கொண்ட 19 மாதங்கள். முதல் மாதத்தின் பெயரே பஹா. புத்தாண்டுக்கு முந்திய மாதம், மார்ச்சில், நோன்பு. மாலை ஆறேகாலுக்குச் சூரியன் இறங்கியதும் அம்மம்மா ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பால் விடாத தேநீர் குடிப்பார். 70 வயதைக் கடந்தவர்களுக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. அவரும் சட்டப்படி நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து வரும் ரமழான் நோன்புக் கஞ்சியை மட்டும் நிறுத்தவில்லை.

இனி நேர்த்தமிழ். ‘மகிமை’ வடசொல் வழி வந்தது. விவிலிய வாசனையும் ஏறிவிட்டது. ‘சோதி’ என்றால் நம் காதுக்கு வள்ளலார் வந்துவிடுவார் (அவரும் பஹாவுல்லாவின் சமகாலத்தவர்தான், 1823இல் பிறந்தவர்). ‘ஒளி’ போதாது, விளக்குக்கும் அதே சொல். எனக்குப் பொருந்துவதாகப் படுவது ‘மாட்சி’. அப்படியானால் பஹாவுல்லா ‘இறைமாட்சி’ ஆகிறார். குறளில் அதே பெயரில் அதிகாரம் இருக்கிறது. அங்கே ‘இறை’ என்பது அரசன். அரசர்கள் நாடுகடத்திய ஒருவருக்கு அந்தச் சொல் போய்ச் சேருவதில் எனக்கு ஒரு குறும்பான மகிழ்ச்சி.

ஆனால் இது பொருள் விளக்கத்துக்கு மட்டுமே. சமயத்தின் பெயரை மொழிபெயர்த்து ‘மாட்சியர்’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. பெயர் பஹாய் என்றே நிற்கட்டும். ‘பஹாய் குருக்கள்’, ‘பஹாய் பாதிரியார்’ என்று எழுதுவது பிழை. அந்தச் சமயத்தில் குருமார் இல்லை.

கிரந்தம் வேண்டாதவர்கள் ‘பகாய்’ என்று எழுதலாம். மகன், அகம் என்பவற்றில் இடையில் வரும் ககரத்தை மென்மையாக ஒலிப்பவர்கள் நாம். ஆகையால் ஒலி கெடாது. போதாக்குறைக்குத் தமிழில் ‘பகா’ என்றால் பிரிக்க முடியாத என்று பொருள்: பகாப்பதம், பகா எண். மனித குலம் ஒன்று என்று சொல்லும் சமயத்துக்கு, அதுவும் 19 என்ற பகா எண்ணைப் போற்றும் சமயத்துக்கு, இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெறும் தற்செயல். இதை வேர் என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

பஹாய் முறைப்படி அம்மம்மாவை எரிக்கவில்லை, அடக்கம் செய்தோம். 31ஆம் நாள் மாமா தன் மனத் திருப்திக்காகக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய் அந்தியேட்டி என்ற சைவ ஈமச் சடங்கைச் செய்தார். செய்ய விரும்புகிறவர்களைத் தடுக்க வேண்டாம் என்று அம்மம்மா முன்பே சொல்லி வைத்திருந்தார்.

மலரின் முதல் பக்கத்தில் ‘இறைமாட்சியில் கலந்தார்’ என்று போட்டோம். இரண்டாம் பக்கத்தில் ‘பஹாய் சமயத்தவர்’ என்று இருக்கிறது. பெரியம்மா பாடிய வெண்பாவில் மட்டும் எதுகைக்காகப் ‘பகாய்’. ஒரே மலரில் இரண்டு எழுத்துமுறை கூடாது என்று அச்சகத்தார் வாதாடினார்; பெரியம்மா வெண்பாவைத் திருத்த மறுத்துவிட்டார்.