பக்க வரலாறா, ‘பழைய பதிப்புகளா’?

விக்கிப் பக்கங்களின் மேற்புறத்தில் உள்ள ‘வரலாறு’ என்னும் இணைப்பை, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் விக்கி எழுதப் பழகும் இளையோர் ‘பழைய பதிப்புகள்’ என்கிறார்கள். பயிற்சித் தாள்களிலும் அப்படியே அச்சாகிறது. இதை இனியும் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதற்கில்லை.

வரல், ஆறு என்னும் இரு சொற்கள் சேர்ந்தது வரலாறு. ஆறு என்றால் வழி. ஆகவே, வந்த வழி. நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும், வரலாற்றைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான ‘செஜாரா’வோ மரத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது.

‘பதிப்பு’ அச்சகத்துச் சொல். திருத்திய இரண்டாம் பதிப்பு கையில் இருந்தால் முதற்பதிப்பு பரணில் கிடந்தாலும் வாசகருக்குக் குறையில்லை. விக்கியின் வரலாற்றிலோ ஒவ்வொரு வரியும் யார், எந்த நாளில், எந்த நேரத்தில் திருத்தினார், எத்தனை பைட்டு கூடிற்று அல்லது குறைந்தது என்று சொல்லும் பதிவு. அதன்மேல் ‘பழைய’ என்ற அடையையும் ஏற்றிவிட்டால், கழித்துவிடத்தக்க சரக்கு என்றுதானே புதியவர் எண்ணுவார்?

எண்ணுகிறார்கள் என்பதுதான் என் மனத்தாங்கல். ‘சுங்கை சிபுட்’ என்ற தலைப்பைச் ‘சுங்கை சிப்புட்’ என்று மாற்ற வேண்டுமானால் ‘நகர்த்து’ என்ற வசதி இருக்கிறது; வரலாறு பக்கத்தோடு சேர்ந்தே போகும், பழைய தலைப்பில், வருபவரைப் புதிய தலைப்புக்குக் கொண்டுசெல்லும் வழிமாற்று நிற்கும். அதை விட்டு, உரையை மட்டும் நகலெடுத்துப் புதுப்பக்கத்தில் ஒட்டினால், ஒட்டியவர் ஒருவரே முழுவதையும் எழுதியவராகத் தெரிவார். ரப்பர்த் தோட்டத்து ஆட்பதிவேடான செக்ரோலில் உள்ள, பால் வெட்டியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு மொத்தப் பால் கணக்கை மட்டும் வேறு புத்தகத்தில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) எழுதினால், தோட்டத்தில் யார் பொறுப்பார்? விக்கிப்பீடியாவின் உரை 2009 முதல், பிறரும் எடுத்துப் பயன்படுத்த இடந்தரும் கிரியேட்டிவ் காமன்சு உரிமத்தில் இருக்கிறது. எழுதியவரைச் சுட்டவேண்டும் என்பது அதன் நிபந்தனை, அந்தச் சுட்டுக்கு ஆதாரம் பக்க வரலாறே. பின்னர் நிருவாகி ஒருவர் இரண்டு வரலாறுகளையும் இணைக்கலாம். ஆனால் இரு பக்கங்களும் இடையில் தனித்தனியே திருத்தப்பட்டிருந்தால், திருத்தங்கள் கால வரிசையில் ஒன்றோடொன்று கலந்து, வேறுபாட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதே பொருளற்றதாகிவிடும்.

‘தொகுப்பு வரலாறு’ என்பாரும் உண்டு. பிழையில்லை, ஆயினும் தொகுப்பு என்றதும் கதைத் தொகுப்பும் கவிதைத் தொகுப்புமே நினைவுக்கு வருவதால், ‘திருத்த வரலாறு’ அதைவிடத் தெளிவு. திரையில் பட்டியலாகத் தெரிவதைப் பார்த்துப் பெயரிடும் மொழிபெயர்ப்பாளர்கள், அது எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பதேயில்லை. பயிற்சித் தாளில் ‘பக்க வரலாறு’ என்று அச்சிட்டு, அடுத்த வரியிலேயே ‘நகர்த்து’ என்பதையும் விளக்க வேண்டும்.