தாடையை மூடிப் பார்த்தீர்களா?

ஹட்டனில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வேலையில் பாதி, பக்கத்துத் தோட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்து வருவது. போன மழைக்காலத்தில் கொழுந்து வாட்டும் காற்றாடியின் ஷாஃப்ட் ஒன்று வந்தது. வேலை பழகும் தம்பி வேணியர் இடுக்கிமானியால் அளந்துவிட்டு, "சரியா இருபத்தஞ்சு இருக்குண்ணே, தேயவே இல்ல" என்றான். அதில் ஏற்றும் 6205 இலக்கப் பெயாரிங்கின் உள்விட்டமும் 25 மில்லிமீற்றர்தான். தட்டித்தான் ஏற்ற வேண்டும். ஆனால் விரலால் தள்ளியதுமே வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அப்படியே பூட்டியிருந்தால் பெயாரிங் ஷாஃப்டின் மேலேயே சுழன்று சூடேறும்.

இடுக்கிமானியை வாங்கி, பொருளைக் கவ்வி அளக்கும் அதன் தாடைகளை வெறுமனே மூடிப் பார்த்தேன். பிரதான அளவிடையின் பூச்சியமும், அதன்மேல் நகரும் சின்ன அளவிடையான வேணியரின் பூச்சியமும் நேரே நிற்கவில்லை. வேணியரின் நான்காவது சின்னக் கோடுதான் பிரதான அளவிடையின் கோட்டோடு பொருந்தி நின்றது. தாடைக்குள் கிறீசில் ஊறிய தேயிலைத் தூள்! துடைத்துவிட்டு அளந்தால் 24.92.

இதையே பாடசாலையில் 'பூச்சிய வழு' என்று எழுதிப் புள்ளி வாங்கியவர்கள்தான் எல்லோரும். கையில் கருவி வந்ததும் மறந்துவிடுகிறது. துடைத்தும் போகாத வழுவென்றால் கணக்கில் சேருங்கள். வேணியரின் பூச்சியம் வலப்பக்கம் தள்ளி நின்றால் வாசிப்பிலிருந்து கழிக்க வேண்டும், இடப்பக்கம் என்றால் கூட்ட வேண்டும்.

அப்புறம் வாசிப்பு. பட்டறைகளில் அதிகம் புழங்கும் இடுக்கிமானியில், வேணியரின் 50 பிரிவுகள் 49 மில்லிமீற்றருக்குள் அடங்கியிருக்கும். ஒரு பிரிவு 0.98. மில்லிமீற்றருக்கு 0.02 குறைவு, அதுதான் இழிவெண்ணிக்கை, அதாவது கருவியில் வாசிக்கக்கூடிய ஆகச் சிறிய அளவு. 1631இல் பியர் வேர்னியே என்ற பிரெஞ்சுக்காரர் சொன்ன உபாயம், இன்றும் பற்றரி கேட்பதில்லை.

புதியவர்கள் தடுமாறுவது வேணியரில் பொறித்திருக்கும் இலக்கங்களில். அங்கே 8 என்றால் எட்டாவது கோடு அல்ல, 0.80 மில்லிமீற்றர். வேணியரின் பூச்சியம் 24ஐத் தாண்டி நிற்கிறது, 8க்கு அடுத்த மூன்றாவது கோடு பொருந்துகிறது என்றால் 24.86. பூச்சியத்தைப் பார்க்காமல் வேணியர் தகட்டின் விளிம்பைப் பார்த்துவிட்டு மில்லிமீற்றர் கணக்கிலேயே பிழைவிட்டவர்களும் உண்டு.

தேய்ந்த ஷாஃப்ட் வட்டமாக இருக்காது. ஓரிடத்தில் அளந்ததும் கால்வட்டம் திருப்பி மறுபடி அளக்க வேண்டும். லேத் ஓடும்போது மட்டும் இடுக்கிமானியைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். எங்கள் பனிமூட்டத்துக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். மாலையில் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

அந்த ஷாஃப்டை வெல்டிங் போட்டு நிரப்பிக் கடைந்தோம். கடைசி அளவை, இன்னும் நுணுக்கமாக அளக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சியில்தான் பார்த்தேன். பெயாரிங் உட்காரும் இடத்துக்கு இடுக்கிமானியின் 0.02 நுணுக்கம் போதாது.