காயாத வியர்வை

புரட்டாசி மாதக் காலை. திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போகும் சாலையில் பாதி அகலத்துக்குக் குறுவை நெல் காயப் போட்டிருந்தார்கள். சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒரு பெரியவர் நெல்லைக் காலால் கிளறிவிட்டபடியே இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வந்துகொண்டிருந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்களே என்று அவருக்குக் கவலை. வெயில் நன்றாகத்தானே அடிக்கிறது என்றேன். "வெயில் அடிச்சு என்ன தம்பி, காத்து ஈரமா கெடக்கே. எங்கேருந்து காயும்?" என்றார்.

என் பனியன் அப்போது பிழிந்தால் ஒழுகும் அளவுக்கு நனைந்திருந்தது. முழங்கையிலிருந்து வியர்வை தார்ச்சாலையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் நெல்லுக்குச் சொன்னது என் முதுகுக்கும் அப்படியே பொருந்தும் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. டெல்டாவில் டிரையத்லானுக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்குத் தூரம் இரண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை காயாத வியர்வை.

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிப்பது. நடுவில் ஓய்வு கிடையாது; ஷூ மாட்டும் நேரம்கூடக் கணக்கில் சேரும். இன்றைய வடிவில் இது 1974இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் தொடங்கியது. 1978இல் ஹவாயின் ஓஹு தீவில் முதல் அயர்ன்மேன் போட்டி நடந்தபோது 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். அதன் தூரம் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சேர்த்த தூரம் கொஞ்சம் மனிதத்தன்மை உள்ளது: 1.5 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர். நம்மைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி எடுப்பவர்களுக்கு இது மூன்று மணி நேரச் சங்கதி.

அந்த மூன்று மணி நேரத்தில் உடம்புக்குள் எவ்வளவு சூடு உண்டாகிறது என்று கடைசி ஓட்டத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 600 கிலோகலோரி செலவாகும். தசை செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான் அசைவாக மாறும். மீதி 450 கிலோகலோரிக்கு மேல் வெறும் வெப்பம். அதே 60 கிலோ உடம்பை ஒரு டிகிரி சூடாக்க 50 கிலோகலோரி போதும். அப்படியானால் வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால் ஒரு மணி நேர ஓட்டத்தில் உடம்பு 9 டிகிரி ஏறி 46 டிகிரியில் நிற்கும். 40ஐத் தாண்டினாலே ஆபத்து.

அப்படி ஆகாமல் காப்பாற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆவியானால் மேலே சொன்ன ஓட்டத்தின் கணக்கு தீர்ந்தது. ஆனால் 'ஆவியானால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சொட்டிக் கீழே விழும் வியர்வை ஒரு கலோரியைக்கூட எடுத்துப் போவதில்லை. நீரும் உப்பும் நமக்கு நஷ்டம், குளிர்ச்சி பூஜ்யம்.

வீட்டு மண்பானையைக் கவனித்தால் இது விளங்கும். பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. சித்திரை வைகாசியில் வறண்ட காற்று அடிக்கும் நாளில் பானைத் தண்ணீர் தொண்டைக்கு இதமாகச் சில்லென்று இருக்கும். ஐப்பசியில் மழை மேகம் கவிந்து காற்று அசையாமல் நிற்கும் நாளில் அதே பானை வெளியே ஈரமாகக் கசிந்துகொண்டே இருக்கும். உள்ளே தண்ணீர் சாதாரணமாகத்தான் இருக்கும். ஓடும் உடம்பும் இப்படிக் கசியும் பானைதான்.

ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பது தோலில் இருக்கும் நீராவி அழுத்தத்துக்கும் (நீராவி மட்டும் கொடுக்கும் அழுத்தம் இது; பாதரச மில்லிமீட்டரில் அளப்பார்கள்) காற்றில் இருக்கும் நீராவி அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி. 35 டிகிரியில் இருக்கும் நனைந்த தோலின் அழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசம். காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் காற்றின் அழுத்தம் 28 அல்லது 29 மில்லிமீட்டர். இடைவெளி 13 சொச்சம்தான். இதுவே 38 டிகிரி, 30 சதவீதம் என்றால் காற்றின் அழுத்தம் வெறும் 15, இடைவெளி 27. வெயில் கடுமையாக இருந்தும் வியர்வை உலர இரண்டு மடங்கு இடம் இருக்கிறது. (35ஐத் தாண்டிய காற்று தன் பங்குக்கு நம்மைச் சுடவும் செய்யும் என்பதையும் மறக்கக் கூடாது.) வயல் முழுக்கத் தண்ணீர் கட்டி, நாற்று பச்சை பிடித்து, ஒவ்வொரு இலையும் நீராவி விட்டுக்கொண்டிருக்கும் டெல்டாவில் முதல் வகை நாட்களே அதிகம்.

செல்பேசியில் காலை ஐந்து மணிக்கு ஈரப்பதம் 90 என்று காட்டுவதைப் பார்த்துவிட்டு, மத்தியானம் 60தானே, அப்போது ஓடலாமே என்று நினைப்பவர்கள் உண்டு. சதவீதத்தை மட்டும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. காற்று சூடாக ஆக அதிக நீராவியைத் தாங்கும்; அதனால் ஒரே சதவீதம் குளிர்ந்த காற்றில் குறைந்த அழுத்தத்தையே குறிக்கும். 26 டிகிரியில் 90 சதவீதம் என்றால் காற்றின் அழுத்தம் 23தான். இடைவெளி 19 கிடைக்கிறது. தலைக்கு மேல் சூரியனும் இல்லை. விடியற்காலையே நல்லது.

இனி காற்றின் வேகத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. டெல்டாவில் ஏற்றம் என்று சொல்ல ஆற்றுப்பாலத்தை விட்டால் ஒன்றுமில்லை. மலைச்சாலை இல்லாத ஊரில் சைக்கிள் பயிற்சி எப்படி என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். ஆடி மாதம் வந்து பாருங்கள் என்பேன். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து வரும் காற்றை எதிர்த்துக் கல்லணைப் பக்கம் மிதித்தால் அதுவே மலை.

காற்றின் எதிர்ப்பு நாம் உணரும் காற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறீர்கள், எதிரே 20 கிலோமீட்டர் காற்று என்றால் உடம்பில் மோதுவது 45 கிலோமீட்டர் காற்று. காற்றில்லாத நாளைவிட எதிர்ப்பு மூன்று மடங்குக்கு மேல். திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளும். எதிர்ப்பு இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்பாடா என்று இருக்கும். ஆனால் போகும்போது இழந்த நேரம் வரும்போது முழுசாகத் திரும்புவதில்லை, ஏனென்றால் எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதில்தான் அதிக நேரம் கழிகிறது.

குளிர்ச்சிக் கணக்கு இதற்கு நேர்மாறு. எதிர்க்காற்றில் வியர்வை பறந்துவிடும்; நாம் வியர்ப்பதே தெரியாது. பின்காற்றில் வரும்போது உடம்பைச் சுற்றியுள்ள காற்று ஏறத்தாழ அசையாமல் நிற்கும். ஓட்டத்தில் இன்னும் மோசம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறோம், பின்னாலிருந்து அதே வேகத்தில் காற்று வருகிறது என்றால், ஜன்னலை மூடிய அறைக்குள் ஓடுவதற்குச் சமம். ஆற்றங்கரையில் அப்படி ஓடிவிட்டு மேற்கே திரும்பிய முதல் நிமிடத்தில் நெஞ்சில் படும் குளிர்ச்சி இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்கு ஆவியாதல் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

சைக்கிளில் 40 கிலோமீட்டர் போனவர் இறங்கி ஓடத் தொடங்கியதும் திணறுவதற்கு ஒரு காரணம் இதுதான். சைக்கிளில் காற்று துடைத்துக்கொண்டே வந்ததால் இழந்த நீர் எவ்வளவு என்று தெரியாமல் போகிறது. இறங்கியவுடன் காற்று நின்றுவிடும், வியர்வை ஊற்றும். அப்புறம் கால். மிதிக்கும்போது தொடைத் தசை சுருங்கித் தள்ளும் வேலைதான் பெரும்பாலும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைத் தாங்கி, நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். வேறு வேலை, வேறு தாளம். முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குக் கால் நம்முடையது இல்லை போல இருக்கும். சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே கொஞ்ச தூரம் ஓடும் பயிற்சிக்குப் பிரிக் என்று பெயர். வாரம் ஒரு முறை செய்தால் மூளை அந்த மாற்றத்துக்குப் பழகிவிடும்.

நீச்சலைப் பற்றி ஒன்று மட்டும். வாழைமரத் துண்டைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலில் நீந்தக் கற்றவர்கள் நாம். தலையைத் தூக்கி வைத்தே நீந்துவோம். நுரையீரல் காற்றால் நெஞ்சு மிதக்கும், கால் கனமாக இருப்பதால் தாழும். தலையைத் தூக்கினால் கால் இன்னும் தாழ்ந்து, உடம்பு சரிந்து நிற்கும். தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியானது. அப்படிச் சரிந்த உடம்பை இழுத்துப் போவது வீண் பாடு. முகத்தை நீருக்குள் வைத்து, கீழே பார்த்தபடி நீந்திப் பழகினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் தண்ணீர் திறந்திருக்கும் ஆற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் தயவுசெய்து பயிற்சி வேண்டாம். மதகுக்கும் ஷட்டருக்கும் பக்கத்தில் நீரின் இழுப்பு மேலே இருந்து பார்த்தால் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களைத்தான் அது அதிகம் ஏமாற்றுகிறது. நீச்சல் குளமோ, ஆழம் தெரிந்த ஊர்க் குளமோ, கரையில் ஒருவர் நிற்கட்டும்.

சரி, மறுபடி சூட்டுக்கு வருவோம். மேட்டூரில் நீர்மட்டம் குறைந்தால் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள் அல்லவா, உடம்பிலும் அதே முறைப்பாசனம்தான். இருப்பது நாலரை, ஐந்து லிட்டர் ரத்தம். ஓடும் தசைக்கு ஆக்சிஜன் கொண்டுபோக ரத்தம் வேண்டும். உள்ளே இருக்கும் வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவரவும் ரத்தம் வேண்டும். வியர்வைக்கான நீரும் ரத்தத்திலிருந்துதான் போகிறது. நேரம் ஆக ஆக இருப்பு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஒரே வேகத்தில்தான் ஓடுகிறோம், ஆனால் கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பு 150, 158, 165 என்று ஏறிக்கொண்டே போவது இதனால்தான். இன்னும் குறைந்தால் உடம்பு கடைமடையான தோலுக்கு விடுவதைக் குறைக்கும். அங்கிருந்துதான் ஆபத்து தொடங்குகிறது.

இழந்ததை ஈடுகட்டத் தண்ணீர் மட்டும் போதாது. வியர்வையில் போகும் உப்பு பெரும்பாலும் சோடியம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. இளநீர் நல்லதுதான், ஆனால் நீண்ட பயிற்சிக்குப் பின் ஒரு சிட்டிகை உப்பும் சேர வேண்டும். சிறுகுடலில் ஒரு வாசல் இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு அதில் நுழைய இரண்டு சோடியம் அயனிகள் துணைக்கு வேண்டும், பின்னாலேயே தண்ணீரும் நுழையும். 1971இல் வங்காள அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றியது இந்த வாசலை வைத்துத்தான். நம் வீட்டு நீராகாரத்தில் உப்பும் கொஞ்சம் அரிசி மாவுச்சத்தும் இருக்கின்றன. அந்த மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக மாறிவிடும். உப்பு போட்ட நீராகாரத்தை நான் சைக்கிள் பாட்டிலிலேயே ஊற்றிக்கொண்டு போகிறேன். மணிக்கணக்காக வெறும் தண்ணீரைத் தாகத்துக்கு மேல் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள்.

கூட ஓடுபவர் பேச்சு குழறினால், தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும் வரை காத்திராமல் குளிர வையுங்கள். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பக்கத்தில் பம்புசெட் தொட்டி இருந்தால் தலை மேலே இருக்கும்படி தாங்கிப் பிடித்துக் கழுத்து வரை உட்கார வைப்பதுதான் சரியான முதலுதவி. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

உடம்பு இதற்கெல்லாம் பழகுமா? பழகும், அதுவும் வேகமாக. தினமும் ஒரு மணி நேரம், மெதுவாக, சூட்டில் பயிற்சி எடுத்தால் முதல் வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். அணையில் இருப்பு ஏறுவது போல. இதயத்துடிப்பு இறங்கும். இரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாகவும் வரும். வியர்வைச் சுரப்பிகள் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளக் கற்றுக்கொள்ளும். பயிற்சியை விட்டால் சில வாரங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் குளிரூட்டிய ஜிம்மில் மாதக்கணக்காக ஓடிவிட்டுப் போட்டிக்கு நேராகப் போவது சரிப்படாது.

என்னிடம் ஒரு கறுப்பு பனியன் இருக்கிறது. புரட்டாசி முதல் வாரம் ஓடிவந்து கொடியில் போட்டபோது முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடு, கோலம் அழிந்த வாசல் மாதிரி. மூன்றாவது வாரம் அதே தூரம், அதே கரை, அதே புழுக்கம். பனியன் முன்னைவிட அதிகமாக நனைந்திருந்தது. காய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தேன். கழுத்துப் பட்டையில் மெல்லியதாக ஒரே ஒரு கோடு.