உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், எத்தனை கிராம் என்று சொன்னார்களா?

‘இதயச் செயலிழப்பு’ என்று சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்ததும் இதயம் நின்றுவிடப் போகிறது என்றுதான் பலரும் பயந்துபோகிறார்கள். அந்தப் பெயரின் குற்றம் அது. இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உடம்பு கேட்கும் அளவுக்கு ரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை. சிலருக்குத் தள்ளும் வலு சரியாக இருக்கும், தசை விறைத்துப் போனதால் உள்ளே வரும் ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாது. எப்படியானாலும் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அது தப்புக்கணக்குப் போட்டு, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. கால் வீங்குவதும் படுத்தால் மூச்சு முட்டுவதும் இந்தக் கணக்கினால்தான்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது “உப்பைக் குறைங்க, தண்ணியை அளவா குடிங்க, கொஞ்சம் நடங்க” என்று சொல்லி அனுப்புகிறோம். சில மாதங்களில் அதே ஆள் அதே மூச்சுத்திணறலோடு திரும்பி வந்தால், ‘சொன்னதைக் கேட்கவில்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் அவர் கேட்டுத்தான் இருப்பார். நாம்தான் அளவு சொல்லியிருக்க மாட்டோம்.

முதலில் வீட்டுக்கு வர வேண்டியது எடை மெஷின். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், தினமும் ஏறக்குறைய ஒரே கனமான உடுப்போடு ஏறி நிற்க வேண்டும். மெஷின் கெட்டியான தரையில் இருக்கட்டும். விரிப்பின் மேல் வைத்தால் எண் மாறும். பார்த்த எண்ணை அங்கேயே நோட்டில் எழுதிவிடுங்கள், மனதில் வைத்துக்கொண்டால் மத்தியானத்துக்குள் மறந்துபோகும். ஒரு லிட்டர் நீர் என்பது ஒரு கிலோ. ராத்திரியோடு ராத்திரியாக யாருக்கும் ஒரு கிலோ கொழுப்பு ஏறாது. ஆகவே 3 நாளில் 2 கிலோ கூடியிருந்தால் அது நீர்தான், அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டியது. கால் வீக்கம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதில் ஒரு சிக்கல் உண்டு: வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் பல நேரம் இரண்டு, மூன்று லிட்டர் சேர்ந்துவிட்டிருக்கும்.

எடை ஒன்றையே நம்பியிருக்கவும் கூடாது. நாள்பட்ட நோயில் பசி குறைந்து தசை கரையும், அந்த இடத்தில் நீர் சேரும், மெஷின் அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அப்போது உடம்புதான் காட்டிக்கொடுக்கும். பெல்ட்டில் ஓர் ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருக்கும். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். ஒரு தலையணையோடு தூங்கியவருக்கு இரண்டு தேவைப்படும். குனிந்து செருப்பு வாரை மாட்டும் அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்கினால், அதுவும் நீர் ஏறியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். வயதாகிவிட்டது என்று தள்ளிவிடாதீர்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது.

இனி உப்பு. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். இதில் சமையலில் போடுவது மட்டுமல்ல, பாக்கெட்டில் ஒளிந்து வருவதும் அடக்கம். அட்டையில் ‘உப்பு’ என்று இருக்காது, ‘சோடியம்’ என்று இருக்கும். அந்த எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்ட 150 கிராம் பாக்கெட்டை முழுதாகச் சாப்பிட்டால் 1,200 மில்லிகிராம் சோடியம், அதாவது 3 கிராம் உப்பு. அன்றைய பங்கில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்தது. நாக்கு உப்பு கேட்கவே கேட்காத இடங்களிலும் சோடியம் உண்டு. தண்ணீரில் போட்டால் நுரைக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் வரை இருக்கும். காய்ச்சலுக்கு ஒரு நாளில் ஆறு போட்டால் 6 கிராம் உப்பு! சோடா உப்பு சேர்ந்த வயிற்றெரிச்சல் மருந்துகளும் இதே ரகம்.

அதற்காக உப்பைத் துடைத்தெடுக்கவும் வேண்டாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் நடந்து 2022-இல் வெளியான சோடியம்-ஹெச்எஃப் ஆய்வில், சோடியத்தை 1,500 மில்லிகிராமுக்குக் கீழே இறக்க முயன்றவர்களுக்கு இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. உப்பே இல்லாத சாப்பாட்டைப் பார்த்து முதியவர் தட்டை ஒதுக்கிவிட்டால், நீர் குறைவதற்குப் பதில் தசைதான் குறையும். ‘லோ சோடியம்’ உப்பு வாங்குகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இதய நோயாளிக்குக் கொடுக்கும் ராமிப்ரில், வால்சார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை ஏற்கெனவே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மருத்துவர் சொல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் துறையே கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒன்றரை லிட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன காலம் உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2025-இல் வெளியான ஃபிரெஷ்-அப் ஆய்வு, நிலைமை சீராக இருப்பவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு தெளிவான பலன் தரவில்லை, தாகத் தவிப்பைத்தான் கூட்டியது என்று காட்டியது. நீர் கோத்திருப்பவர்களுக்கும் ரத்தத்தில் சோடியம் குறைந்தவர்களுக்கும் கட்டுப்பாடு இன்னும் உண்டு. உங்களுக்கு அளவு குறித்துக் கொடுத்திருந்தால், அந்த அளவில் கோடு போட்ட காலிச் சொம்பு ஒன்றை ஓரமாக வையுங்கள். ஒவ்வொரு முறை எதைக் குடித்தாலும், சூப், பால், டீ, ஐஸ் உட்பட, அதே அளவு தண்ணீரை அதில் ஊற்றுங்கள். கோட்டைத் தொட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. நாக்கு வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு சிறு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், வெளியே கிளம்பும் நாளில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற கூச்சத்தில். ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரை, போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். எனவே விட்டுவிடுவதை விட நேரத்தைத் தள்ளிப் போட முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் முடியும். சாயங்காலத்துக்கு மேல் போட்டால் மட்டும் ராத்திரித் தூக்கம் போகும்.

மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் இந்த நோயில் நேரடி எதிரி. சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் செய்து, நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். நான்கு நாள் முழங்கால் வலிக்கு எடுத்ததே அடுத்த அட்மிஷனுக்குக் காரணமாகலாம். மூக்கடைப்பைத் திறக்கும் சளி மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். அதிமதுரம் ‘வெறும் மூலிகைதானே’ என்று தோன்றும், அதுவும் உப்பைத் தேக்கும்.

எக்கோவில் (இதய ஸ்கேனில்) பம்பிங் சதவீதம் ஏறிவிட்டது, இனி மருந்து எதற்கு என்ற கேள்வி அடிக்கடி வரும். இதயம் பெரிதாகிப் பிறகு தேறியவர்களிடம் மருந்தை நிறுத்திப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. ஆறு மாதத்துக்குள் சுமார் 40 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தேறியது மருந்தின் தயவில்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாள் மட்டும் வேறு கணக்கு. உடம்பு வற்றும்போது நீர் மாத்திரையும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். எதை, எத்தனை நாள் என்று அன்றே போன் செய்து கேளுங்கள்.

நடையைப் பொறுத்தவரை, படுத்தே இருக்க வேண்டும் என்பது பழைய காலத்து அறிவுரை. நிலைமை சீரான பிறகு ஐந்து, பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டி அரை மணி நேரத்துக்குக் கொண்டுவரலாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பேச்சு திக்கினால் வேகம் அதிகம். சாப்பிட்டவுடன் வேண்டாம். எடை திடீரென்று ஏறியிருக்கும் நாளிலும் வேண்டாம். புகையிலை அடியோடு கூடாது. ஃப்ளூ ஊசி வருடா வருடம், நிமோனியா ஊசி மருத்துவர் சொல்லும்போது.

போன் செய்யும்போது “உடம்பு சரியில்லை” என்றால் மறுமுனையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் முன்பு எடை எவ்வளவு, இன்று எவ்வளவு, எத்தனை தலையணை, எந்த மாத்திரை விட்டுப்போனது, புதிதாக எது சேர்ந்தது என்று சொல்லுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை, இளஞ்சிவப்பாக நுரை வருகிறது, நெஞ்சு வலிக்கிறது, மயங்கி விழுந்தார் என்றால் போன் செய்து ஆலோசனை கேட்க நேரமில்லை. காலைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். மயங்கிக் கிடப்பவரை மட்டும் உட்கார வைக்காமல் படுக்க வையுங்கள்.