டூ-வீலா, ஃபோர்-வீலா? பழைய காம்பாக்ட் எஸ்யூவியின் அடியில் ஒரு பார்வை

ஒரே மாடல், ஒரே வருடம், ஓடிய கிலோமீட்டரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வண்டியை முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கின்றன, அது டூ-வீல் டிரைவ். மற்றொன்றில் நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகிறது, அது ஃபோர்-வீல் டிரைவ். விலை வித்தியாசம் சிறியது என்றால் மனம் தானாக ஃபோர்-வீல் பக்கம் சாயும். கூடுதலாக ஏதோ கிடைக்கிறது, விடுவானேன் என்று தோன்றும். கிடைப்பது எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அந்தக் கூடுதல் பாகங்களுக்கும் வண்டியின் வயதுதானே ஆகியிருக்கிறது!

டயரிலிருந்து ஆரம்பிக்கலாம். வண்டியை நகர்த்துவது, திருப்புவது, நிறுத்துவது எல்லாமே ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் உள்ளங்கை அளவு ரப்பர்தான். அது அதிகபட்சம் எவ்வளவு விசையோடு தரையைத் தள்ள முடியும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, அதன்மேல் அழுத்தும் எடை. மற்றொன்று, ரப்பருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் குணகம். காய்ந்த தார்ச்சாலையில் இது சுமார் 0.8. நனைந்த சாலையில் 0.5-ஐ ஒட்டி வரும். வண்டிகள் ஓடி அழுந்திய பனியில் 0.2, பனிக்கட்டியில் 0.1 என்று இறங்கிவிடும். எஞ்சினின் குதிரைத்திறன் இந்தக் கணக்கில் எங்குமே வராது. டயருக்குப் பிடிப்பு இல்லாவிட்டால் பெரிய எஞ்சின் சக்கரத்தை இன்னும் வேகமாகச் சும்மா சுற்றும், அவ்வளவுதான்.

இப்போது 1,500 கிலோ எடையுள்ள ஒரு எஸ்யூவியை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் முன்னால் இருப்பதால் சமதரையில் எடையின் 60 சதவீதம், அதாவது 900 கிலோ, முன்சக்கரங்கள் மேல் உட்கார்ந்திருக்கும். 100 மீட்டருக்கு 15 மீட்டர் உயரும் ஏற்றத்தில் அதை நிறுத்தினால் எடை கொஞ்சம் பின்பக்கம் சரிந்து, முன்னால் ஏறத்தாழ 835 கிலோ மிஞ்சும். அந்த ஏற்றத்தில் வண்டி மேலே நகர, டயர் உருள்வதற்கான எதிர்ப்பையும் சேர்த்து, சுமார் 240 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை.

காய்ந்த சாலையில் முன்சக்கரங்கள் இரண்டும் 835 × 0.8, அதாவது 668 கிலோ வரை தள்ள முடியும். தேவையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். மழையில் நனைந்த சாலையிலும் 417 இருக்கிறது. இந்த இரண்டு நிலையிலும் பின்சக்கரங்களுக்குச் சக்தி போனால் என்ன, போகாவிட்டால் என்ன? ஏற்றம் ஏறுவதில் எந்த வித்தியாசமும் இல்லை. அழுந்திய பனிக்கு வந்தால் கதை மாறுகிறது. முன்சக்கரங்களால் 167 கிலோதான் தள்ள முடியும், சுழன்றுகொண்டே நிற்கும். நான்கு சக்கரமும் தள்ளினால் 297 கிடைக்கும், வண்டி ஏறிவிடும். பனிக்கட்டி என்றால் நான்கும் சேர்ந்து 148 தான். ஃபோர்-வீலும் அங்கேயே நிற்கும், அல்லது மெதுவாகப் பின்னால் வழுக்கும்.

ஆக, இந்த ஏற்றத்தில் ஃபோர்-வீல் டிரைவால் பலன் கிடைப்பது உராய்வுக் குணகம் 0.16-க்கும் 0.29-க்கும் நடுவில் இருக்கும்போது மட்டும். அதற்கு மேலே போனால் இரண்டு சக்கரமே போதும், கீழே போனால் நான்கும் போதாது. ஏற்றம் கூடக் கூட இந்த இடைவெளி நகரும், அகலும். ஆனால் எப்போதும் ஒரு இடைவெளிதான். சேறு, தளர்ந்த மணல், ஈரமான புல்சரிவு, படகை இழுத்து மேலேற்றும் பாசி படிந்த தளம், கனமான டிரெய்லர் ஆகியவை இந்த இடைவெளிக்குள் அடிக்கடி வந்து விழுபவை. உங்கள் ஓட்டத்தில் இவை வாரத்துக்கு ஒருமுறை வருகின்றனவா, வருடத்துக்கு ஒருமுறையா என்பதுதான் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இதே கணக்கில் டயரை மட்டும் மாற்றிப் பார்ப்போம். நல்ல பனிக்கால டயர் அந்தக் குணகத்தை 0.2-லிருந்து 0.3-க்கு உயர்த்துகிறது என்று வைத்துக்கொண்டால், முன்சக்கர வண்டியே 250 கிலோ தள்ளும். கஷ்டப்பட்டுத்தான், ஆனாலும் ஏறிவிடும். பிரேக் போடும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 0.2 குணகத்தில் பிரேக் பிடித்து நிற்க 49 மீட்டர் எடுக்கும், 0.3 என்றால் 33 மீட்டர். எல்லா வண்டியிலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. அதனால் நிற்கிற விஷயத்தில் ஃபோர்-வீல் டிரைவ் ஒரு மீட்டர்கூடக் குறைத்துத் தராது. வளைவில் வண்டி விலகிப் போகாமல் பிடித்துக்கொள்ளும் எல்லையும் டயரிடம்தான் இருக்கிறது. சாலை வழுக்குகிறது என்ற எச்சரிக்கை ஓட்டுநருக்கு முதலில் வருவது கிளம்பும்போது சக்கரம் சுழல்வதிலிருந்து. ஃபோர்-வீல் வண்டி அலட்டிக்கொள்ளாமல் கிளம்பிவிடும். அந்த எச்சரிக்கை வராமலே போகும். எனக்கு இதுதான் அதன் பெரிய குறையாகத் தெரிகிறது.

சரி, நான்கு சக்கரத்துக்கும் சக்தி எப்படிப் போகிறது? வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட நீண்ட தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தேய்ந்துகொண்டே திரும்பும். இதைத் தீர்ப்பதற்கான பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியலுக்கு, பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கர் 1820-களின் கடைசியிலேயே காப்புரிமை பெற்றார். இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றலாம், ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு முறுக்கு விசைதான் போகும். அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினால் அதற்குத் தேவைப்படும் விசை கொஞ்சம்தான். நல்ல தரையில் நிற்கும் அடுத்த சக்கரத்துக்கும் அதே கொஞ்சம்தான் கிடைக்கும். இப்போதைய வண்டிகளில் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் பிடித்து, மறுபக்கத்துக்கு விசையைத் திருப்பிவிடும் மின்னணு ஏற்பாடு இருக்கிறது. டூ-வீல் வண்டியிலும் இது உண்டு. பழைய வண்டி தேடும்போது இந்த வசதி உள்ள வருடத்து மாடலைப் பிடிப்பது, ஃபோர்-வீலைப் பிடிப்பதற்குச் சற்றும் குறைவில்லாத லாபம்.

முன், பின் அச்சுகளுக்கு நடுவிலும் இதே பிரச்சினை வரும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன. சுசுகி ஜிம்னி போன்ற வண்டிகளில் லீவரைப் போட்டதும் இரண்டு அச்சும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும், வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ கியரும் கிடைக்கும். சேற்றுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. காய்ந்த சாலையில் போட்டுத் திருப்பினால் மட்டும் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். பெரும்பாலான காம்பாக்ட் எஸ்யூவிகள் வேறு வழியில் போகின்றன. சாதாரணமாக முன்சக்கரங்கள்தான் இழுக்கும். அங்கிருந்து ஒரு நீளமான ஷாஃப்ட் பின்னால் போய், எண்ணெயில் மூழ்கிய பல தட்டுகள் கொண்ட ஒரு கிளட்சில் முடியும். முன்சக்கரம் வழுக்கினால் அந்தக் கிளட்ச் இறுகிப் பின்சக்கரங்களை வேலைக்கு அழைக்கும்.

அதை இறுக்குவதற்கு எஞ்சினியர்கள் கண்டுபிடித்த வழிகள் சுவாரசியமானவை. 1995-ல் வந்த முதல் ஹோண்டா சிஆர்-வியில் இரண்டு எண்ணெய்ப் பம்புகள் இருந்தன. ஒன்று முன்சக்கரங்களின் வேகத்தில் ஓடும், மற்றொன்று பின்சக்கரங்களின் வேகத்தில். இரண்டும் சமமாக ஓடும்வரை ஒன்று தள்ளும் எண்ணெயை மற்றது உறிஞ்சிவிடும். முன்சக்கரம் வழுக்கிக் கூடுதலாகச் சுற்றினால் மிஞ்சும் எண்ணெய் போக இடமில்லாமல் கிளட்சை அழுத்தும். கம்ப்யூட்டரே இல்லாமல் நடக்கும் வேலை! வேறு சில வண்டிகளில் சிலிகோன் திரவம் நிறைந்த பெட்டிக்குள் தட்டுகளை அடுக்கியிருப்பார்கள். வேக வித்தியாசத்தால் திரவம் சூடாகித் தட்டுகளைப் பிணைத்துவிடும். ஸ்வீடனின் ஹால்டெக்ஸ் நிறுவனத்தின் அமைப்பு 1990-களின் கடைசியில் ஆடி டிடியில் வந்தது. அதில் எண்ணெய் அழுத்தத்தைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும். பிற்பாடு வந்த தலைமுறைகளில் மின்சாரப் பம்பே இருப்பதால், சக்கரம் வழுக்குவதற்கு முன்பே கிளட்சை இறுக்கிவைக்க முடிகிறது. எதுவானாலும் இது கிளட்ச்தான், நிரந்தரப் பிணைப்பு இல்லை. ஆழமான மணலில் தொடர்ந்து வேலை வாங்கினால் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கழன்றுவிடும்.

பழைய வண்டியில் இந்தக் கிளட்சின் எண்ணெய்தான் முக்கியமான விஷயம். பல அமைப்புகளில் அதைக் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலைப் போல அது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. தட்டுகள் தேய்ந்த தூள் எண்ணெயில் கலந்து வடிகட்டியை அடைக்கும், பம்ப் திணறும், ஒருநாள் நின்றுபோகும். முன்சக்கரங்கள் வழக்கம்போல இழுத்துக்கொண்டிருப்பதால், எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டால் உரிமையாளருக்கு எதுவும் தெரியாது. பின்னால் ஃபோர்-வீல் என்று எழுத்து மின்னும் வண்டி சில வருடங்களாக டூ-வீலாக ஓடிக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு எதிரி, ஒரே அளவில் இல்லாத டயர்கள். 215/65 ஆர்16 டயர் புதிதாக ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 464 முறை சுற்றும். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் மேடு, 5 மில்லிமீட்டர் தேய்ந்தால் 471 முறை. முன்னால் இரண்டு புது டயர், பின்னால் இரண்டு தேய்ந்த டயர் போட்டால், நேரான சாலையிலேயே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏழு சுற்று வித்தியாசம் வருகிறது. இறுகும்போதெல்லாம் கிளட்ச் அந்த ஏழு சுற்றையும் தேய்த்துத் தீர்க்க வேண்டியிருக்கும். அதனால்தான் ஃபோர்-வீலில் ஒரு டயர் கிழிந்தால் நான்கையும் மாற்றும்படி ஆகிறது. விற்பனைக்கு நிற்கும் வண்டியில் நான்கு டயரும் நான்கு கம்பெனி என்றால், முந்தைய உரிமையாளர் அதை எப்படி வைத்திருந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எரிபொருள் விஷயத்தில் நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கூடுதல் எடையும் கூடுதல் பல்சக்கரங்களும் கொஞ்சம் தின்னும், பொதுவாக 5 சதவீதத்தை ஒட்டி. தரை இடைவெளி என்பது வேறு சமாச்சாரம். பல மாடல்களில் டூ-வீலிலும் அதே உயரம்தான். கல்லும் குழியுமான ஆனால் காய்ந்த பாதைக்கு உயரம்தான் தேவை. ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடலாம்: சில மாடல்களில் ஃபோர்-வீலுக்குப் பின்பக்கச் சஸ்பென்ஷனே வேறு. முதல் தலைமுறை ரெனோ டஸ்டரில் டூ-வீலுக்கு இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஒற்றைத் தண்டு, ஃபோர்-வீலுக்குத் தனித்தனியாக அசையும் அமைப்பு. மோசமான சாலையில் இந்த இரண்டாவது அமைப்பு நன்றாகவே உட்காரும், பதிலுக்கு டிக்கியின் இடம் குறையும். அங்கே ஃபோர்-வீலை வாங்க இதுவே ஒரு நியாயமான காரணம்.

என்னைக் கேட்டால், வருடம் முழுக்கத் தார்ச்சாலையில் ஓடும் குடும்பத்துக்கு டூ-வீலும் நான்கு நல்ல டயரும் போதும். சேறோ பனியோ அன்றாடப் பாதையில் இருப்பவர்கள் ஃபோர்-வீலை வாங்கலாம், சர்வீஸ் ரசீதில் அந்தக் கிளட்ச் எண்ணெய் மாற்றிய பதிவு இருந்தால். ஓட்டிப் பார்க்கும்போது காய்ந்த இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டம் போடுங்கள், இரண்டு பக்கமும். பின்னாலிருந்து முனகலோ, விட்டுவிட்டு உதறலோ வந்தால் எண்ணெய் கெட்டிருக்கலாம், கிளட்சே போயிருக்கலாம். அப்புறம் தளர்ந்த சரளையில் ஒருவரைத் தள்ளி நிற்கவைத்து வேகமாகக் கிளம்புங்கள். முன்சக்கரம் மட்டும் கல்லை வாரி எறிந்துகொண்டிருந்தால் பின்பக்கம் வேலை செய்யவில்லை. கடைசியாக வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின் டிஃபரன்ஷியலைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, நடு ஷாஃப்டின் ஜாயின்ட் ஆடுகிறதா என்று பாருங்கள். ஷாஃப்ட் இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான். சத்தம் வருகிறது என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்சக்கர இழுவையிலேயே ஓட்டுபவர்களும் உண்டு.