நெற்றி கொதிக்க, கால் ஏன் சில்லிடுகிறது?

"ஐந்து வயது மகளுக்கு ஃபுளூ. நெற்றி கொதிக்கிறது, அவளோ குளிருகிறது என்று போர்வை கேட்கிறாள். உள்ளங்கால் சில்லென்று இருக்கிறது. போர்த்துவதா, ஈரத்துணி போடுவதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

மகள் சொல்வது உண்மை. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ், உடல் வெப்பத்தை 37 டிகிரி செல்சியஸ் அளவில் காத்துவருகிறது. ஃபுளூ வைரஸ் தொண்டைச் செல்களுக்குள் புகுந்ததும் நோய் எதிர்ப்புச் செல்கள் இரத்தத்தில் வேதிப்பொருள்களை அனுப்புகின்றன. மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகிறது. அது 37 என்ற இலக்கை 39க்கு ஏற்றிவிடுகிறது. இனி 37 டிகிரி என்பது மூளைக்குக் கடுங்குளிர்! தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெப்பத்தை உள்ளே தேக்குகிறது, கால் சில்லிடுகிறது. தசைகளை நடுக்கி வெப்பம் உண்டாக்குகிறது. 39ஐத் தொட்டதும் நடுக்கம் அடங்கும். இலக்கு மீண்டும் இறங்கும்போது வியர்த்துக் கொட்டும்.

இந்த வெப்பம் உடலுக்கு உதவுகிறதா? தானாக உடல் வெப்பத்தைக் கூட்ட முடியாத பாலைவன இகுவானா என்ற பல்லியும் நோயுற்றால் வெப்பமான இடம் தேடிப் போகிறது. 1975இல் மாத்யூ க்ளூகர் குழுவினர், பாக்டீரியா செலுத்திய இகுவானாக்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தார்கள். சூடாக இருந்தவையே அதிகம் பிழைத்தன. பல்லிக்குக் காய்ச்சல் வந்தால் நமக்கென்ன என்று ஆராய்ச்சிக்கு நிதியை மறுக்கும் ஊரில் இந்த அறிவு விளையாது.

பாராசிட்டமால், புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைத்து இலக்கையே இறக்குகிறது. குளிர்ந்த துணியோ தோலை மட்டும் குளிர்விக்கும். மூளை இன்னும் நடுக்கும். ஆகவே நடுங்கும்போது மெல்லிய போர்வை போதும், நடுக்கம் நின்றதும் எடுத்துவிடுங்கள். மருந்தின் அளவைக் குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் சொல்லட்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. அதைக் கொடுத்தால், ஃபுளூ கண்ட குழந்தைகளுக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வரக்கூடும்.

"லங்கணம் பரம ஔஷதம்" என்று குழந்தையைப் பட்டினி போடுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு டிகிரி ஏறினால் உடலின் ஆற்றல் செலவு சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. மூச்சிலும் வியர்வையிலும் நீர் போகிறது. சோறு இறங்காவிட்டால் பரவாயில்லை. கஞ்சியோ ரசமோ இளநீரோ, வாய்வாயாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலா குழிந்தாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டாலோ, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். காய்ச்சல் விட்டு, ஓரிரு நாளில் கடும் இருமலோடு திரும்பினாலும் அப்படியே. அது நுரையீரலில் பாக்டீரியா புகுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். வைரஸிடம் பலிக்காத ஆன்டிபயாட்டிக்குக்கு அப்போதுதான் வேலை.