நிறுத்தும்போது வெடித்த பலகை

காசிமேட்டில் ஒரு சந்து. மாடிப்படிக்குக் கீழே கிடைத்த இடத்தில் தம்பி ஒருவர் தங்கூசி (மீன்பிடி நரம்பு) சுற்றும் இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். பெரிய கண்டிலிருந்து நைலான் நரம்பை இரண்டு கிலோ உருளைகளாகச் சுற்றித் தர வேண்டும். இயந்திரம் மூன்று மணி நேரம் அழகாக ஓடியது. நிறுத்தும் பொத்தானை அழுத்திய நொடியில், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிரைவர் என்ற மின்சுற்றுப் பலகை ‘டப்’ என்றது. கருகிய வாடை வந்தது. மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதுப் பலகை வாங்கி மாட்டினார். அதுவும் நிறுத்தும்போதுதான் போனது.

“ஓடும்போது தாங்குகிறது, நிற்கும்போது ஏன் அண்ணா போகிறது?” என்று கேட்டார். கேள்வி சரியானது. பலகையை விற்றவரைத் திட்டுவதில் பயனில்லை. கோளாறு பலகையில் இல்லை. அதற்கு மின்சாரம் கொடுத்த பெட்டியில் இருந்தது.

மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே பொருள்தான். பழைய சைக்கிளில் விளக்கெரித்த டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள். சுழலும் உருளையை டிரைவர் பிடித்து நிறுத்தும்போது, உருளையில் இருந்த ஆற்றல் மோட்டார் வழியாக மின்சாரமாக மாறி, வந்த வழியே திரும்புகிறது. ஆனால் தம்பி பயன்படுத்தியது 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ், அதாவது லைன் மின்சாரத்தை டிசியாக்கித் தரும் சிறு பெட்டி. அது மின்சாரத்தை வெளியே தரும், உள்ளே வாங்கிக்கொள்ளாது. வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஐப்பசி மழையில் பக்கிங்காம் கால்வாய் நிரம்பிவிட்டால் தெருத்தண்ணீர் எங்கே போகும்? தெருவிலேயே ஏறும். இங்கே ஏறுவது வோல்ட்.

எவ்வளவு ஏறும் என்று ஒரு கணக்குப் போடலாம். இரண்டு கிலோ எடையும் பத்து சென்டிமீட்டர் ஆரமும் கொண்ட உருளை நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால், அதில் சுமார் 20 ஜூல் ஆற்றல் இருக்கும். பாதி உராய்விலும் கம்பிச் சூட்டிலும் போகட்டும். 10 ஜூல் திரும்பி வரும். எஸ்எம்பிஎஸ்ஸின் வெளியீட்டில் 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி (கடைக்காரர் கண்டென்சர் என்பார்) இருப்பதாக வைத்துக்கொண்டால், 36 வோல்ட் ஏறத்தாழ 145 வோல்ட்டாக எகிற வேண்டும். பலகை தாங்குவது 50. அதற்கு முன்பே அது உயிரை விட்டுவிடுகிறது.

ஆகவே, ஹாபி மோட்டாருக்கு நான் இன்னமும் பழைய பாணி சப்ளையைத்தான் பரிந்துரைப்பேன்: டோராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாகத் திருத்தும் நான்கு டயோடுகள்), பெரிய மின்தேக்கி. கனமானது, அழகில்லாதது, ஆனால் என்ன நடக்கிறது என்பதைப் பேனாவும் காகிதமும் கொண்டு பின்தொடரலாம்.

முதல் தவறு டிரான்ஸ்பார்மர் வாங்கும்போதே நடக்கும். 32 வோல்ட் ஏசி தரும் டிரான்ஸ்பார்மரை வாங்கினால் 32 வோல்ட் டிசி கிடைக்காது. மின்தேக்கி அலையின் உச்சி வரை நிரம்பும், அதாவது 1.414 மடங்கு, சுமார் 45 வோல்ட். டயோடுகள் ஒன்றிரண்டு வோல்ட் தின்னும். ஆனால் சுமை இல்லாதபோது டிரான்ஸ்பார்மரே சில சதவீதம் கூடுதலாகத் தரும். நள்ளிரவில் தெரு அடங்கியபின் 230 வோல்ட் லைன் 250-ஐத் தொட்டால், 50 வோல்ட் எல்லை தாண்டிவிடும். தம்பிக்கு 24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போதும். வழக்கமாக 34 வோல்ட் டிசி. மோசமான இரவிலும் 40.

அடுத்தது மின்தேக்கியின் அளவு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முழு அலையையும் திருத்தினால் பத்து மில்லி விநாடிக்கு ஒரு முறை மின்தேக்கி நிரம்பும். அந்த இடைவெளியில் மோட்டார் 5 ஆம்பியர் இழுத்து, 5 வோல்ட் வரை சரியலாம் என்றால் 10,000 மைக்ரோஃபாரட் வேண்டும். 63 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள். தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். சூடு பத்து டிகிரி ஏறினால் இவ்வகை மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். சித்திரை வெயிலில் தகரக் கூரை எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அதே 10 ஜூல் திரும்பி வந்தால் 34 வோல்ட் 56 வரை ஏறும். 145-க்கு இது எவ்வளவோ பரவாயில்லை, ஆனாலும் போதாது. மின்தேக்கியை இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் 45-க்குள் அடங்கும்தான். எனக்கு அது பிடிக்கவில்லை; பெட்டிக்குள் தேங்கும் ஆற்றலும் அதே அளவு பெருகுகிறது. பிரேக் ரெசிஸ்டர்தான் சரியான வழி. வோல்ட் 44-ஐத் தொட்டதும் ஒரு சிறு மின்சுற்று, மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சை ஆன் செய்து, 6.8 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் வழியாக மின்சாரத்தைச் சூடாக்கி விரயம் செய்யும். ஏன் 44? 40-க்குக் கீழே வைத்தால் மோசமான இரவில் உருளை சுழலாமலே ரெசிஸ்டர் எரிந்துகொண்டிருக்கும். 50-க்கு மிக அருகே வைத்தால் பலகைக்கு மூச்சு விட இடமில்லை.

இந்த மின்சுற்றுக்கு மின்சாரம் அதே மின்தேக்கியிலிருந்துதான் வர வேண்டும். தனி அடாப்டரில் ஓட்டினால், கரண்ட் போகும்போது பிரேக்கும் போய்விடும். மின்தேக்கிக்கும் டிரைவருக்கும் நடுவே சுவிட்சோ ஃபியூஸோ வைப்பதும் ஆபத்து: அது துண்டித்த நொடியில் திரும்பி வரும் ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. ஃபியூஸைப் பிரிட்ஜுக்கு முன்னால், டிரான்ஸ்பார்மரின் இரண்டாம் கம்பிச் சுற்றில் (24 வோல்ட் பக்கம்) வையுங்கள். முதல் சுற்றின் (230 வோல்ட் பக்கம்) ஃபேஸ் கம்பியில், மெதுவாக உருகும் வகை இன்னொன்று. டோராய்டு முதல் கணத்தில் பேராசையோடு இழுக்கும். சாதாரண ஃபியூஸ் அதைத் தாங்காமல் தினம் ஒன்று போகும்.

இதெல்லாம் பலகையின் பாதுகாப்பு. ஆளின் பாதுகாப்புக்கு டிரான்ஸ்பார்மரே காவல். அதன் இரண்டு சுற்றுகளுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை. பழைய டிரெட்மில் மோட்டாரையும் அதன் பலகையையும் கழற்றி வைத்துக்கொண்டு, “இதிலேயே டிசி வருகிறதே” என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றில் பல, லைனை நேரடியாகத் திருத்துபவை. உச்சி 325 வோல்ட், அதன் நெகட்டிவைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து. ஆட்டோ டிரான்ஸ்பார்மரும் அப்படித்தான்: வோல்ட்டைக் குறைக்கும், லைனிலிருந்து பிரிக்காது.

இரும்புப் பெட்டிக்கு எர்த் வேண்டும். நம் பிளக்கில் எர்த் ஊசி மட்டும் நீளமாக இருப்பது, அது முதலில் தொட்டுக் கடைசியில் விடுபடத்தான். ஆனால் அந்தச் சந்து வீட்டின் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தோம். மூன்றாவது துளை இருந்தது. அதன் பின்னால் கம்பி இல்லை. கம்பி இருந்தாலும் உப்புக்காற்றில் எர்த் இணைப்பு அரித்திருக்கலாம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தால் மல்டிமீட்டர் அப்போதும் 230 காட்டி ஏமாற்றும். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துப் புதிய எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்ட பிறகுதான் பெட்டிக்கு மூடி போட்டோம்.

மின்தேக்கியின் குறுக்கே 1,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றும், தொடர் ரெசிஸ்டருடன் ஒரு சிவப்பு எல்இடியும் இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கினால் 34 வோல்ட் வடிய ஐம்பது விநாடி ஆகும். அதற்குள் ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். தம்பி மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு விளக்கு மங்குவதைப் பார்க்கிறார். அணைந்த பிறகும் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைக்கிறார். 0.6. மூடியின் திருகில் கை வைக்கிறார்.